கேட்க வேண்டியதைக் கேட்காமல் எழுந்து வரலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பகுதியில் நேர்காணலுக்குத் தயாராவது குறித்து வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். தன்னை அறிமுகம் செய்துகொள்வது எப்படி, பலவீனம் என்னவென்று கேட்டால் எதைச் சொல்வது, எந்த நிறச் சட்டை அணிவது என்பது வரை அவற்றில் எழுதியாகிவிட்டது. ஆனால், பெரும்பாலான நேர்காணல்களின் முடிவில் தேர்வுக் குழுவினர் “நீங்கள் எங்களிடம் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?” என்று கேட்பார்களே, அப்போது என்ன செய்வது என்பதைப் பற்றி ஒரு பத்திகூட வந்ததாக நினைவில்லை. கோவையில் ஒரு பொறியியல் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விண்ணப்பதாரர்களைக் கேள்வி கேட்கும் இடத்தில் பல ஆண்டுகள் அமர்ந்திருந்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பத்தில் எட்டுப் பேராவது “ஒன்றுமில்லை சார்” என்று சொல்லிவிட்டு, சான்றிதழ்க் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். அது அடக்கம் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. வேலைக்கு எடுப்பவர்களுக்கோ அது பல நேரங்களில் அக்கறையின்மையாகவே படும். பட்டயப் படிப்பு முடித்த இளைஞர் ஒருவர், இயந்திரப் பிரிவுக்கான நேர்காணலின் முடிவில், “கணினியால் இயங்கும் உங்கள் சி.என்.சி. இயந்திரங்களில் இருப்பது ஃபானுக் கன்ட்ரோலரா, சீமென்ஸா? நான் கல்லூரியில் ஃபானுக்கில்தான் பழகினேன், மாற்றிக்கொள்ளப் பயிற்சி தருவீர்களா?” என்று கேட்டார். அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த உற்பத்தி மேலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவரோடு பேசத் தொடங்கிவிட்டார். மதிப்பெண்ணில் அவரைவிட மேலே இருந்தவர்களும் அன்று வந்திருந்தார்கள். பட்டியலில் முதலில் எழுதப்பட்டது அவர் பெயர்தான்.

எனவே முதலில் கேட்க வேண்டியது வேலையைப் பற்றித்தான். சேர்ந்த முதல் ஆறு மாதங்களில் நான் என்ன செய்ய வேண்டியிருக்கும், யாரிடம் பொறுப்புக் கூற வேண்டும், என் வேலையை எதை வைத்து மதிப்பிடுவீர்கள் என்ற மூன்றையும் எந்தத் துறையிலும் யாரும் கேட்கலாம். இவற்றோடு சேர்த்துக் கேட்கத் தகுந்த இன்னொன்றும் உண்டு: இது புதிதாக ஏற்படுத்தப்பட்ட இடமா, அல்லது யாராவது போனதால் காலியான இடமா? இதற்கு நேரான பதில் வந்தால் நல்லது. ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் தெரியவந்தால், அந்த இருக்கையில் உட்கார்ந்தவர்கள் ஏன் நிலைக்கவில்லை என்பதை அதே நிறுவனத்தில் வேலை பார்க்கும் யாரிடமாவது விசாரித்துக்கொண்ட பிறகு முடிவெடுப்பது நலம்.

அடுத்தது, நம் பிள்ளைகள் மிகவும் கூச்சப்படும் சம்பளப் பேச்சு. ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் என்று நிறுவனம் சொன்னவுடன், அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 35,000 ரூபாய் என்று வீட்டில் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். சி.டி.சி. எனப்படும் அந்தத் தொகை, நிறுவனம் அந்தப் பணியாளருக்காக ஒதுக்கும் மொத்தச் செலவு. கையில் வரும் சம்பளம் வேறு. ஓர் எடுத்துக்காட்டுக்கு, அடிப்படை ஊதியம் அதில் பாதியாக, மாதம் 17,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் 12 விழுக்காடான 2,100 ரூபாயும், பணிக்கொடைக்கென (கிராஜுவிட்டி) ஒதுக்கும் 4.81 விழுக்காடான சுமார் 842 ரூபாயும், குழுக் காப்பீட்டுக்கு ஓர் 600 ரூபாயும் அந்த 35,000-க்குள்ளேயே அடங்கியிருக்கும். செயல்திறனைப் பொறுத்து ஆண்டு முடிவில் தருவதாகச் சொல்லும் மாறும் ஊதியம் பத்து விழுக்காடு என்றால், 3,500 ரூபாய் அதற்குப் போய்விடும். மீதியிலிருந்து பணியாளர் தன் பங்காகச் செலுத்தும் வைப்பு நிதி 2,100 ரூபாயையும் தொழில் வரியையும் கழித்தால், மாத முடிவில் வங்கிக் கணக்கில் வந்து விழுவது ஏறத்தாழ 25,600 ரூபாய்தான். மதுரையிலிருந்தோ விருதுநகரிலிருந்தோ வந்து, சென்னையில் விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய ஒருவருக்கு, 35,000-க்கும் 25,600-க்கும் இடையிலான வித்தியாசம் சிறியதன்று.

“எனக்குக் கையில் எவ்வளவு வரும்? மாறும் ஊதியம் எவ்வளவு, சென்ற ஆண்டு அதில் எத்தனை விழுக்காடு உண்மையில் கொடுக்கப்பட்டது?” என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை. வைப்பு நிதி முழு அடிப்படை ஊதியத்துக்கும் பிடிக்கப்படுகிறதா, அல்லது சட்டம் வைத்துள்ள 15,000 ரூபாய் வரம்போடு நிறுத்தப்படுகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாவதில் கையில் வருவது குறையும், சேமிப்பு கூடும், இரண்டாவதில் நேர்மாறு. எது நல்லது என்பது அவரவர் குடும்ப நிலையைப் பொறுத்தது. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டா என்பதையும் கேட்க வேண்டும். ஊதியத்தில் 0.75 விழுக்காடு மட்டும் கொடுத்து, குடும்பத்தினருக்கும் சேர்த்து மருத்துவ வசதி பெறும் திட்டம் அது. அதில் சேர்க்காமல், அந்தத் தொகையைக் கையிலேயே தந்துவிடுகிறோம் என்று சொல்லும் சிறு நிறுவனங்களும் உண்டு. கேட்பதற்கு இனிமையாக இருக்கும். அம்மாவுக்கு ஓர் அறுவை சிகிச்சை என்று வரும்போதுதான் நட்டம் தெரியும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வற்புறுத்துவது ஒரு கேள்வியை. “நான் யாருடைய பணியாளர்?” என்பதே அது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியிலுள்ள தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கும் முகாம்களில், பெரிய நிறுவனத்தின் பெயர் பதாகையில் இருக்கும். நியமன ஆணையில் கையெழுத்திடுவதோ ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரராக இருப்பார். சீருடை பெரிய நிறுவனத்துடையது, சம்பளச் சீட்டு வேறொருவருடையது. ஊரில் எல்லோரிடமும் பெரிய நிறுவனத்தில் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்ட பெற்றோர், ஒப்பந்தம் முடிந்து அவன் வீட்டுக்கு வந்து நிற்கும்போதுதான் விவரம் அறிகிறார்கள். ஒப்பந்தப் பணி கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எது என்று தெரிந்து சேர வேண்டும் என்கிறேன்.

அதே போலத்தான் அப்ரண்டிஸ், டிரெய்னி, தகுதிகாண் பருவத்தினர் என்ற பெயர்களும். காதுக்கு மூன்றும் ஒன்று போல ஒலித்தாலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தின்படி சேர்க்கப்படுபவர் பயிற்சி பெறுபவர். அவர் தொழிலாளராகக் கருதப்படுவதில்லை. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் பொதுவாக நிறுவனத்துக்கு இல்லை. தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டே ஒரு சட்டம் இயற்றப்பட்டு, தொழில் நிறுவனங்களில் 24 மாதக் காலத்தில் 480 நாட்கள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. அந்த 480 நாள் கணக்குத் தொடங்காமல் இருப்பதற்காகவே விதவிதமான பெயர்களில் ஆள் எடுக்கும் இடங்கள் உண்டு என்பது இத்துறையில் இருந்த எவருக்கும் தெரிந்ததுதான். பயிற்சிக் காலம் எத்தனை மாதம், அது முடிந்த பின் சென்ற அணியில் எத்தனை பேரைப் பணியில் அமர்த்தினீர்கள் என்று கேட்டால், பதில் சொல்பவரின் முகத்திலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

பாண்ட் எனப்படும் ஒப்பந்தப் பத்திரம் குறித்து இப்போது கைப்பேசிகளில் ஒரு தவறான செய்தி சுற்றுகிறது. “அதெல்லாம் நீதிமன்றத்தில் செல்லாது, தைரியமாகக் கையெழுத்துப் போடு” என்று அண்ணன்மார்கள் தம்பிகளுக்கு அறிவுரை கூறுகிறார்கள். பணியை விட்டுச் சென்ற பிறகு வேறு நிறுவனத்தில் சேரக்கூடாது என்று தடுக்கும் நிபந்தனை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவின்படி பொதுவாகச் செல்லாது என்பது உண்மைதான். ஆனால், குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்ற நிபந்தனை வேறு. பொதுத்துறை வங்கி அதிகாரி ஒருவர் மூன்றாண்டு முடிவதற்குள் விலகியதற்காக 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. எழுதிய தொகை முழுவதையும் எல்லா நிறுவனமும் வசூலித்துவிட முடியும் என்று இதற்குப் பொருளன்று. நியாயமான இழப்பீட்டையே சட்டம் ஏற்கிறது. ஆனாலும் வழக்குக்கு அலையும் நிலையில் இருப்பவர்கள் எத்தனை பேர்? பாண்ட் உண்டா, எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை, எந்தப் பயிற்சிக்காக அந்தத் தொகை, காலம் போகப் போக அது குறையுமா என்று கையெழுத்திடுவதற்கு முன் கேட்டுவிடுவது வழக்கறிஞர் கட்டணத்தைவிட மலிவு.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்பதையும் இங்கேயே கேட்க வேண்டும். எங்கள் தெருவில் வசிக்கும் செவிலியப் பட்டதாரிப் பெண் ஒருவர், சேரும் அன்றே அசல் சான்றிதழ்களை ஒரு தனியார் மருத்துவமனையில் ஒப்படைத்திருந்தார். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தபோது, பதிலுக்கு ஆள் கிடைக்கும் வரை தர முடியாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அவருடைய தந்தை நிர்வாக அலுவலகத்தின் வாசலில் காலை முதல் மாலை வரை நின்று, உள்ளூர்ப் பெரியவர் ஒருவரைப் பேச வைத்துத்தான் அவற்றை வாங்க முடிந்தது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தருவதுதான் முறை. அதற்கு உடன்படாத இடம் பற்றி அதற்கு மேல் அறிய வேண்டியது அதிகம் இல்லை.

மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் ஒரு காலத்தில் பரவியிருந்த சுமங்கலித் திட்டத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூன்று ஆண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அது திருமணத்துக்கு உதவும் என்று சொல்லி, ஏழைக் குடும்பத்துப் பெண்களை அழைத்துப் போனார்கள். உடல்நலம் கெட்டோ, வேலை தாங்காமலோ இடையில் திரும்பியவர்கள் பலர் அந்தத் தொகையைக் கண்ணால் பார்க்கவில்லை. “இடையில் வந்துவிட்டால் வேலை செய்த காலத்துக்கு என்ன கிடைக்கும்?” என்று யாரும் கேட்டிருக்கவில்லை, கேட்கும் நிலையில் அக்குடும்பங்கள் இருந்ததும் இல்லை. இன்று பட்டப்படிப்பு முடித்துப் பெருநிறுவனத்தில் சேரும் பிள்ளைகள், விலகாமல் இருப்பதற்காக ஓராண்டுக்குப் பின் தரப்படும் தக்கவைப்புத் தொகை, பணியில் சேர்வதற்காகத் தரப்படும் சேர்க்கைத் தொகை ஆகியவற்றைக் குறித்து இதே கேள்வியைக் கேட்காமல்தான் கையெழுத்திடுகிறார்கள்.

பெண்கள் கேட்க வேண்டியவை தனியாகச் சில உண்டு. இரவு ஷிப்ட் உண்டா, வீட்டு வாசல் வரை வண்டி வருமா, அல்லது பேருந்து நிறுத்தத்தோடு நின்றுவிடுமா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி அமைக்க வேண்டிய உள்ளகக் குழு அமைக்கப்பட்டிருக்கிறதா? மகப்பேறு விடுப்புப் பற்றி நேர்காணலில் கேட்டால் வேலை தர மாட்டார்கள் என்ற அச்சம் பெண்களுக்கு இருக்கிறது. அந்த அச்சம் ஆதாரமற்றது என்று என்னால் மனசாட்சியோடு சொல்ல முடியாது. 26 வார விடுப்பு சட்டத்தில் இருப்பதால், அதை நேர்காணலில் கேட்காமல், பணி ஆணை கைக்கு வந்த பிறகு விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்துக்கொள்ளலாம். ஜவுளிக்கடை, நகைக்கடை விற்பனைப் பிரிவுக்குச் செல்பவர்கள் உட்கார இருக்கை உண்டா என்று தயங்காமல் கேட்கலாம். கேரளத்தைப் பின்பற்றித் தமிழ்நாட்டிலும் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, அது ஊழியர்களின் உரிமையாக்கப்பட்டது. தியாகராய நகரில் பண்டிகைக் கூட்டத்தில் பத்து மணி நேரம் நிற்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி சிறியதாகத் தோன்றாது.

எப்போது, யாரிடம் கேட்பது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. தொழில்நுட்பச் சுற்றில் அமர்ந்திருக்கும் பொறியாளரிடம் வைப்பு நிதியைப் பற்றிக் கேட்டால் அவருக்கே தெரியாது; அவரிடம் வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும். சம்பளம், பாண்ட், விலகல் அறிவிப்புக் காலம் ஆகியவற்றை எச்.ஆர். சுற்றில் கேட்க வேண்டும். விடுப்பு எத்தனை நாள் என்பதை முதல் கேள்வியாக வைப்பதைத் தவிர்க்கலாம்; அதைக் கடைசியாகக் கேட்டால் எவரும் தவறாக நினைப்பதில்லை. அறிவிப்புக் காலம் 90 நாள் என்று சொன்னால், நிறுவனம் என்னை அனுப்ப நினைத்தாலும் அதே 90 நாள்தானா என்று மரியாதையாகக் கேட்கலாம். சேர வேண்டிய தேதியையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம். 2022-இல் பணி ஆணை கையில் வாங்கிய பொறியியல் பட்டதாரிகள் பலர், சேரும் தேதிக்காக இரண்டு ஆண்டு வரை காத்திருந்த செய்தி தங்கள் இதழ் உட்படப் பல இதழ்களில் வந்ததுதான். அவ்வாறு காத்திருக்கும் காலத்தில் வேறு வேலைக்குச் செல்லலாமா என்பதற்குக்கூட அவர்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கேள்வி கேட்டால் வேலை போய்விடுமே என்று பெற்றோர் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர், கல்விக் கடன் தவணை தொடங்கவிருக்கிறவர், ஒரே ஒரு நிறுவனத்திடமிருந்து மட்டும் அழைப்பு வந்தவர் ஆகியோரிடம் போய் “துணிந்து பேரம் பேசு” என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. நான் பேரம் பேசச் சொல்லவில்லை. விவரம் கேட்கச் சொல்கிறேன். நிபந்தனை எதையும் மாற்ற முடியாவிட்டாலும், தெரிந்து ஏற்றுக்கொண்டால் வீட்டுக் கணக்கையாவது சரியாகப் போட முடியும்.

என்னுடைய குறை மாணவர்கள் மேல் அவ்வளவாக இல்லை. கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகள் மேல்தான். வளாக நேர்காணலுக்கு முந்தைய நாள் மாணவர்களைக் கூட்டி, “சம்பளம், பாண்ட் பற்றி யாரும் வாயைத் திறக்காதீர்கள், அடுத்த ஆண்டு கம்பெனி நம் கல்லூரிக்கு வராது” என்று எச்சரிக்கும் அதிகாரிகளை எனக்குத் தெரியும். சேர்க்கைக் காலத்தில் விளம்பரப் பலகையில் போடுவதற்கு அவர்களுக்கு ஓர் எண்ணிக்கை வேண்டும். அந்த எண்ணிக்கைக்குள் இருக்கும் மாணவன் ஒப்பந்ததாரரிடம் சேர்ந்தானா, ஆறு மாதத்தில் திரும்பி வந்தானா என்பது பலகையில் வராது. மாணவர் கேட்கத் தயங்கும் விவரங்களை நிறுவனத்தின் அறிமுகக் கூட்டத்திலேயே, எல்லோர் சார்பாகவும், அந்த அதிகாரியே கேட்டுவிட்டால் எந்த ஒரு மாணவர் பெயரும் கெடாது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளதால், இவ்விவரங்களில் சிலவற்றைக் கேட்பதற்குச் சட்டத்தின் துணையும் கூடியிருக்கிறது. பணியாளர் ஒவ்வொருவருக்கும் நியமன ஆணை எழுத்து வடிவில் தரப்பட வேண்டும். அடிப்படை ஊதியத்தைச் சுருக்கிப் படிகளைப் பெருக்கிக் காட்டும் வழக்கத்துக்குக் கட்டுப்பாடாக, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிஞ்சியது ஊதியமாகவே கணக்கிடப்படும். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர் ஓராண்டு பணியாற்றினாலே பணிக்கொடைக்குத் தகுதி பெறுகிறார். இந்தத் தொகுப்புகளின் வேறு சில பிரிவுகளைத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்க்கின்றன. அந்த விவாதத்துக்குள் நான் இங்கே செல்லவில்லை.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களில் ஒவ்வொரு நிறுவனத்தின் மேசை முன்பும் ஒரு தாள் ஒட்டப்பட வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன். நியமன ஆணையில் கையெழுத்திடுபவர் யார், மாதம் கையில் வரும் தொகை எவ்வளவு, விடுதிக்கும் உணவுக்கும் பிடித்தம் எவ்வளவு, ஷிப்ட் நேரம், பாண்ட் உண்டா இல்லையா என்ற விவரங்கள் தமிழில், பெரிய எழுத்தில் அதில் இருந்தால் போதும். 2022-இல் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தில் நேர்காணல் பயிற்சி அளிக்கப்படுவதால், அதில் ஒரு வகுப்பை இதற்கென ஒதுக்குவது கடினமான செயலன்று. தங்கள் வேலைவாய்ப்புப் பகுதியில் வெளியாகும் தனியார் நிறுவன விளம்பரங்களிலும் “கவர்ச்சிகரமான சம்பளம்” என்று மட்டும் போடுவதை ஏற்காமல், கையில் வரும் தொகையைக் குறிப்பிடுமாறு விளம்பரதாரர்களைத் தாங்கள் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணியாளர் பிரிவு அலுவலர்,
கணபதி, கோயம்புத்தூர்.